விடைக்கு இரண்டு சாட்சி

‘கேள்விக்குப் பின் வரும் காளை (2).’

குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வந்தால் முதலில் மனத்தில் வந்து நிற்பது ஒரு மாடு. அந்த மாட்டுக்கும் கேள்விக்கும் என்ன உறவு என்று தடுமாறுகிறோம். தடுமாறட்டும் என்றுதான் தொடர் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ‘வரும்’ என்பதோடு ஒருமுறை நிறுத்திப் படித்தால் குழப்பம் தீரும். கேள்விக்குப் பின் வருவது விடை. காளைக்கும் விடை என்று பெயர் உண்டு. விடையேறிய பெருமானைத் தேவாரம் படித்தவர்கள் அறிவார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2, விடையின் எழுத்துக் கணக்கு. வி, டை.

இதையே ‘காளை (2)’ என்று மட்டும் கேட்டிருந்தால்? விடையும் சரி, ஏறும் சரி. இரண்டில் எது என்று குறிப்பு சொல்லாது. குறுக்கே ஓடும் வேறொரு சொல் வந்துதான் சொல்ல வேண்டும். முதல் குறிப்புக்கு அந்தத் துணை வேண்டாம். இரண்டு சாட்சிகள் இரண்டு பக்கத்திலிருந்து வந்து ஒரே சொல்லைச் சுட்டுகிறார்கள். குறிப்பில் வரும் சொல்விளையாட்டை வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை நான் விடைக்கான நிரூபணமாகப் பார்க்கிறேன். அந்த நிரூபணம் ஆங்கிலத்தைவிடத் தமிழ்ப் புதிருக்கே அதிகம் தேவை. அதற்கான கருவிகளோ நம் இலக்கண நூல்களில் ஏற்கெனவே பெயரிடப்பட்டுக் கிடக்கின்றன.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வைர வடிவக் கட்டம் ஒன்று வெளியானது. அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். அவர் வைத்த பெயர் ‘வேர்டு-கிராஸ்’; பின்னர் அது முன்பின்னாகி ‘கிராஸ்வேர்டு’ ஆயிற்று. 1924-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் முதல் புதிர்ப் புத்தகத்தைக் கொண்டுவந்ததும் அமெரிக்காவையே இந்த மோகம் பிடித்துக்கொண்டது. வீண் பொழுதுபோக்கு என்று அந்த ஆண்டே சாடிய ‘நியூயார்க் டைம்ஸ்’, 1942-இல் தானும் புதிர் வெளியிடத் தொடங்கியது.

அமெரிக்கக் கட்டத்துக்கு ஒரு தன்மை உண்டு. ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இரண்டு சொற்களுக்குப் பொது. குறுக்குச் சொல் தெரியாவிட்டாலும் நெடுக்குச் சொற்களை நிரப்பினால் அது தானே வந்துவிடும். அதனால் அங்கே குறிப்பு நேர்ப்பொருளாக இருந்தாலும் கேடில்லை. இங்கிலாந்தில் வளர்ந்த கட்டம் வேறு விதம். ஒரு சொல்லின் எழுத்துகளில் ஏறக்குறைய பாதிதான் மற்றச் சொற்களோடு சந்திக்கும். மீதி எழுத்துகளுக்குக் கட்டத்தில் ஆதரவே இல்லை. அந்த எழுத்துகளை உறுதிப்படுத்தும் பொறுப்பு குறிப்பின் தலையில் விழுகிறது. அங்கே ஒவ்வொரு குறிப்பும் இரு கூறாக இருப்பதற்கு இந்தக் கட்ட அமைப்பு ஒரு வலுவான காரணம். முனையில், அதாவது முதலிலோ கடைசியிலோ, விடையின் பொருள் இருக்கும். எஞ்சிய பகுதி அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும்.

முழுக்க முழுக்கச் சொல்விளையாட்டாலேயே ஆன புதிரை நிலைநிறுத்தியவர் எட்வர்டு பொவிஸ் மாதர்ஸ். 1926 முதல் 1939-இல் இறக்கும்வரை ‘அப்சர்வர்’ வார இதழில் எழுதினார். அவர் சூடிக்கொண்ட புனைபெயர் டார்கெமாடா. ஸ்பெயினில் மத விசாரணை நடத்திச் சித்திரவதை செய்த பாதிரியின் பெயர் அது. அவருக்குப் பின் வந்த மக்நட், இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரான ஸிமெனிஸ் என்பதை எடுத்துக்கொண்டார். 1972-இல் அந்த இடத்துக்கு வந்த ஜொனாதன் கிரவுதர், டேஸா என்ற விசாரணை அதிகாரியின் பெயரை எழுத்து எழுத்தாகத் திருப்பிப் போட்டு ‘அஸெட்’ ஆனார். புனைபெயரே ஒரு புதிர்.

இவர்களில் எனக்கு மிக முக்கியமானவர் ஸிமெனிஸ். 1966-இல் அவர் எழுதிய நூல் புதிர்க்கலைக்கு நன்னூல் போன்றது. பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், சொல்விளையாட்டு நியாயமாக இருக்க வேண்டும், இவை இரண்டையும் தவிர வேறு ஒரு சொல்கூடக் குறிப்பில் இருக்கக் கூடாது என்பது அவர் நெறியின் சாரம். குறிப்பு எழுதுபவர் நம்மை எந்தக் காட்டுக்குள்ளும் இழுத்துச் செல்லலாம். ஆனால் எழுதிய சொற்களை இலக்கணப்படி பிரித்துப் பார்த்தால் அவை உண்மையையே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ளவர்’ என்று எழுதி ஆற்றைக் குறிப்பது இந்த வகை. பூ என்று படிக்கிறோம். ‘ஃப்ளோ’ ஆகிற, அதாவது ஓடுகிற ஒன்று என்றும் படிக்கலாம். எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று எட்டு எழுத்துகளை மட்டும் அடுக்கி விடை தண்ணீர் என்று சொல்லும் புகழ்பெற்ற குறிப்பு ஒன்றும் உண்டு. எச் முதல் ஓ வரை: ‘எச் டு ஓ’.

விதியைத் தளர்த்தியும் பெரிய கலைஞராக இருக்க முடியும் என்று காட்டியவர் ‘கார்டியன்’ இதழுக்கு எழுதிய பாதிரியார் ஜான் கிரஹாம். அவர் புனைபெயர் அரக்கேரியா. ஆங்கிலத்தில் ‘குரங்குக்குப் புதிர்’ என்று பெயர் பெற்ற மரத்தின் தாவரவியல் பெயர் அது. 2013 ஜனவரியில் தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதையும், வலி தணிக்கும் சிகிச்சை மட்டுமே நடக்கிறது என்பதையும் தம் வாசகர்களுக்கு ஒரு புதிரின் விடைகளாகவே அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் தம் 92-ஆம் வயதில் காலமானார். கட்டங்களை நிரப்பிக்கொண்டே போன வாசகர் ஒருவர் அந்தச் சொற்களைத் தம் கையாலேயே எழுதிய கணத்தை நினைத்துப் பார்க்கிறேன். குறுக்கெழுத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த நிகழ்ச்சிதான்.

இந்தியாவில் குறுக்கெழுத்து நுழைந்த வழி வேறு. இங்கே அது பரிசுப் போட்டியாகப் பரவியது. கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். முன்பே முடிவுசெய்து வைத்த விடையோடு ஒத்துப்போனால் பணம். ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தும். எது ‘சரி’ என்பது நடத்துபவரின் முடிவு. மேலே சொன்ன ‘காளை (2)’ போல. அறிவாளிக்கும் குருட்டாம்போக்கில் எழுதியவருக்கும் வாய்ப்பு ஒன்றே என்றால் அது சூதாட்டம்தானே? 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், திறமையைக் கணிசமான அளவில் சாராத போட்டிகளையே இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. நல்ல குறிப்புக்கும் மோசமான குறிப்புக்கும் நடுவே ஸிமெனிஸ் இழுத்த கோட்டை, அவர் நூலுக்கு 9 ஆண்டுகள் முன்னரே இந்திய நீதிமன்றம் வேறொரு காரணத்துக்காக இழுத்துவிட்டது.

இனித் தமிழ்க் கட்டத்துக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் 247. ஒரு கட்டத்துக்குள் க, கா, கி, க் எல்லாம் தனித்தனி எழுத்துகள். இரண்டு சொற்கள் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டுமானால் இரண்டிலும் அதே எழுத்து அதே உயிரோடு இருந்தாக வேண்டும். புள்ளி எழுத்து சொல்லின் முதலில் வராது. ட, ற, ண, ழ வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே ‘பாடல்’ என்று குறுக்கே எழுதினால் கடைசி ‘ல்’-இலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. கட்டம் அமைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

நம் வார இதழ்களில் ‘இடமிருந்து வலம்’, ‘மேலிருந்து கீழ்’ என்பவற்றோடு ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்ற தலைப்புகளும் வருவது இதனால்தான். சொல்லைத் திருப்பி எழுதினால் கடைசிப் புள்ளி எழுத்து முதலில் வந்து நிற்கும். அங்கே ஒரு சந்திப்பு கிடைக்கும். அதற்கும் மசியாத இடத்தில் குறிப்பின் பக்கத்தில் ‘குழம்பியுள்ளது’ என்று போட்டுவிடுவார்கள். எழுத்துகளை எந்த வரிசையிலும் எழுதலாம். பல ஆண்டுகள் இப்படிப்பட்ட கட்டங்களை நிரப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது கட்டம் அமைப்பவரின் கஷ்டத்தை வாசகர் தலையில் இறக்கி வைப்பது. குழப்பத்தில் எந்த நயமும் இல்லை. விடை தெரிந்த பிறகும் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று நிச்சயமில்லை.

இதனால் தமிழ்க் கட்டத்தில் சந்திப்புகள் குறைவு, கறுப்புக் கட்டங்கள் அதிகம். நான்கெழுத்துச் சொல்லில் ஒரே ஓர் எழுத்து மட்டும் இன்னொரு சொல்லோடு சேர்ந்திருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். சேர்கிற அந்த ஓர் எழுத்து ஆங்கில எழுத்தைவிடப் பல மடங்கு தகவல் தரும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் சேராத மூன்று எழுத்துகளுக்கு யார் பொறுப்பு? ஆங்கிலேயர் பாதி எழுத்துகளுக்குக் கண்டுபிடித்த தீர்வு நமக்கு முக்கால்வாசி எழுத்துகளுக்குத் தேவைப்படுகிறது.

அந்தத் தீர்வுக்கு வெளியே போய்க் கையேந்த வேண்டியதில்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை. ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இரட்டைப் பொருள், சொற்சேர்க்கை என்று வகுத்துக்கொண்ட இரண்டும் இவையே. ‘கேள்விக்குப் பின் வரும் காளை’ செம்மொழி வகை. திங்கள், மாலை, நகை, மதி, படி, வேங்கை, ஆறு என்று இந்த வகைக்கு நம்மிடம் உள்ள செல்வத்துக்கு அளவில்லை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் மொழி இது.

பிரிமொழிக்கு ஓர் எடுத்துக்காட்டை நானே செய்து பார்த்தேன். விடை மாதவி. மா, தவி என்று பிரியும். மா என்றால் பெரிய. தவி என்றால் துடி. முதலில் எழுதியது: ‘பெரிதாய்த் துடி, கோவலன் நாடிய பெண்ணே (3).’ படிக்க நன்றாக இருந்தது. ஸிமெனிஸ் கண்ணால் பார்த்தபோது பிழை தெரிந்தது. மா என்பது பெயரைத் தழுவும் அடை. ‘பெரிதாய்’ வினையைத் தழுவுவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ‘பெரிய துடி’ என்று மாற்றினேன். மாற்றியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. துடி ஒரு பறையும் அல்லவா? ‘பெரிய துடி, கோவலன் நாடிய ஆடல்மகளுக்கு (3).’ இப்போது படிப்பவர் காதில் முழவு கேட்கும். துடிப்பு என்ற பொருள் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். விதிக்குக் கட்டுப்பட்டதால் குறிப்பு அழகானது. நியாயமும் நயமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை நான் அன்று விட்டேன்.

எழுத்தைக் குறைப்பதற்கும் நம்மிடம் பெயர்கள் உண்டு: முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரையை ‘மரை’ என்று சுருக்குவது முதற்குறைக்குப் பாடநூல்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. மரை ஒரு மான் வகையும்கூட. எனவே, ‘கமலம் தலையிழந்து காட்டில் மேய்கிறது (2).’ ஒரு சொல்லில் எழுத்தெழுத்தாக நீக்கிக்கொண்டே போய் ஒவ்வொரு நிலையிலும் பொருள் தரச் செய்வதை அக்கரச் சுதகம் என்கிறது சித்திரகவி இலக்கணம். கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். சில்லறைக் கேள்விகளின் விடைகளைக் கோத்தால் பெரிய விடை கிடைப்பது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கக் கிடைப்பது மாலைமாற்று. சம்பந்தர் அதில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். இலக்கிய வரலாற்று நூல்கள் சித்திரகவியை வெறும் வித்தை என்று ஒரு பத்தியில் கடந்து போகின்றன. பாட்டாக அதன் மதிப்பைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. புதிராக அது ஒரு முழுமையான பயிற்சிப் பள்ளி.

திருப்பிப் போடுவதற்கு ஒன்று: ‘சிறையில் இருப்பவன் திரும்பிப் பார்க்க, மலைத்து நில் (2).’ கைதி திரும்பினால் திகை. ஆங்கிலத்தில் இத்தகைய குறிப்பில் எந்தச் சொல் திரும்புகிறது என்ற ஐயம் அடிக்கடி எழும். தமிழில் ‘இருப்பவன் திரும்பி’ என்று எழுவாயும் வினையெச்சமும் ஒட்டி நிற்பதால் ஐயம் எழவில்லை. எழுத்துகளைக் கலைத்து அடுக்குவதில் மட்டும் நாம் ஏழைகள். உயிர்மெய்யைப் பிளக்க முடியாததால் கலைத்த எழுத்துகள் மீண்டும் சொல்லாவது அபூர்வம். அபூர்வமாகக் கிடைப்பது சில நேரம் தங்கமாக இருக்கும்: ‘விதைக! கலைந்து எழும் பாட்டு (3).’ விதைக என்ற மூன்று எழுத்துகளுக்குள் கவிதை இருக்கிறது.

எண்ணெழுத்து இன்னொரு சுரங்கம். ஆங்கிலப் புதிரில் ரோமன் எண்கள் எழுத்துகளாக வேலை செய்கின்றன. ஐந்து என்றால் ‘வி’, பத்து என்றால் ‘எக்ஸ்’. தமிழ் எண்ணில் ஒன்று ‘க’ போலவும் இரண்டு ‘உ’ போலவும் ஏழு ‘எ’ போலவும் எட்டு ‘அ’ போலவும் எழுதப்பட்டன. கால் என்ற பின்னம் ‘வ’ போல. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று எட்டையும் காலையும் லட்சணத்தோடு சேர்த்து ஒருவரை வைகிறது. எட்டு அ, கால் வ என்று வைத்துப் படித்தால்தான் அது எவ்வளவு கடுமையான வசவு என்பது விளங்கும். தேர்ந்த புதிர்க்காரர் ஒருவரின் கைவேலை அது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது: புணர்ச்சி. ‘பசு தருவதுடன் ஐந்தும் ஒன்றும் சேர்ந்தால் வேலூரில் ஓடும் (3).’ பால், ஆறு. இரண்டு எழுத்தும் இரண்டு எழுத்தும் சேர்ந்து மூன்றெழுத்துப் பாலாறு ஆகின்றன. லகர மெய்மேல் ஆகாரம் ஏறிவிட்டது. இதை அனுமதிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் அனுமதிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதியை மீறாமல் நடப்பது ஏமாற்றாகாது. ஆனால் சொல்லை இரண்டு சொற்களுக்கு நடுவே ஒளித்து வைக்கும்போது அதே புணர்ச்சி குறுக்கே வரும். குதிரையை ‘வாக்கு திரைக்குள்’ என்று ஒளிக்கப் பார்த்தால், வன்தொடருக்குப் பின் ஒற்று மிகுந்து ‘வாக்குத் திரை’ ஆகிவிடும். நடுவில் வந்த ‘த்’ குதிரையை இரண்டாக வெட்டிவிடும். ‘உன் பங்கு திரைக்கதையில் ஒளிந்த பரி (3)’ என்று எழுதினால் தப்பலாம். பங்கு மென்தொடர், எழுவாயாக நிற்கும்போது ஒற்று மிகாது. ஒற்றை விழுங்கி எழுதிவிட்டால் குறிப்பு சுலபமாக அமையும் என்று யாருக்காவது ஆசை வந்தால், அதைவிடக் குறிப்பையே கைவிடுவது மேல்.

இதற்கெல்லாம் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் 1971-இல் தொடங்கிய புதிருக்கு முதல் அமைப்பாளராக இருந்தவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கடாரி. இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர், செங்கல்பட்டில் பிறந்தவர். காலைக் காப்பியோடு அந்தக் கட்டத்தை நிரப்பிய தமிழர்கள், ஆங்கிலத்தில் இந்தக் கலையின் நுட்பமெல்லாம் அறிந்தார்கள். தமிழில் அதைச் செய்து காட்டியவர் வாஞ்சிநாதன். வட அமெரிக்காவிலிருந்து வந்த ‘தென்றல்’ மாத இதழில் சொல்விளையாட்டுக் குறிப்புகளாலேயே புதிர்கள் அமைத்தார். தமிழில் இது முடியுமா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஆகவே வார, மாத இதழ்களில் கட்டம் அமைப்பவர்களையும் அவற்றை வெளியிடும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு புதிரில் ஐந்து குறிப்புகளையாவது இந்த முறையில் எழுதுங்கள். எழுத்துக் கணக்கைத் தவறாமல் கொடுங்கள். ‘குழம்பியுள்ளது’ என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அடுத்த இதழில் விடையை மட்டும் அச்சிடாமல், அந்த விடை எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வாசகர் இந்த முறையைப் பழகிக்கொள்ள அதுவே போதும்.

வாசகருக்கு ஒரு குறிப்பை மட்டும் அவிழ்க்காமல் விட்டு வைக்கிறேன்: ‘மரத்துக்குள் ஒன்று இருந்தால் ராசி (4).’ எண்ணெழுத்தைப் பற்றி மேலே சொன்னது துணைக்கு வரும். விடை கிடைத்ததும், சரிதானா என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.